தின்றவர் பொறுப்பா, விற்றவர் பொறுப்பா? பாஸ்ட் ஃபுட், உடல் பருமன் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. எடை 94 கிலோ. வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால் யாராவது ஒரு பெரியவர் அவன் இலையைப் பார்த்துவிட்டு, "வாயைக் கட்டுடா" என்று சொல்லிவிடுவார். அவன் தலையைக் குனிந்துகொள்வான். அப்புறம் பேச்சு பர்கர், பீட்சா கடைகள் பக்கம் திரும்பும். தப்பு யார்மேல் என்று பந்தியே இரண்டு கட்சியாகப் பிரியும். அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் படித்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே தருகிறேன். இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போனது அமெரிக்காவில்தான். அதனால் முதலில் அந்த ஊர்க் கதை.

பர்கர் தின்று குண்டானேன் என்று உண்மையிலேயே யாராவது வழக்குப் போட்டார்களா?

போட்டார்கள். 2002 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த இரண்டு பதின்ம வயதுப் பெண்களின் சார்பில் அவர்கள் பெற்றோர் மெக்டொனால்ட்ஸ் மீது வழக்குத் தொடுத்தார்கள். உடல் பருமன், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றுக்கும் அந்தக் கடை உணவு ஒரு காரணம். அதில் என்ன இருக்கிறது என்பதை நிறுவனம் சரியாகச் சொல்லவில்லை. சத்தான உணவு என்ற எண்ணம் வரும்படி விளம்பரம் செய்தது என்பவை குற்றச்சாட்டுகள். அதற்கு ஒரு மாதம் முன்பு ஐம்பதைத் தாண்டிய ஒருவர், பல கிளைகள் வைத்து நடத்தும் நான்கு பெரிய சங்கிலிக் கடைகள்மீது இதேபோல வழக்குப் போட்டிருந்தார். ஆனால் கடைசிவரை பேசப்பட்டது இந்தப் பெண்களின் வழக்குதான்.

ஊரே சிரித்தது. டிவி நிகழ்ச்சிகளில் கேலி செய்தார்கள். பேராசை பிடித்த வக்கீல், சோம்பேறிப் பெற்றோர், வாயைக் கட்டத் தெரியாத பிள்ளைகள் என்று மூன்றே வரியில் கதை முடிந்துவிட்டது. தீர்ப்பைப் படிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீதிபதி என்ன சொன்னார்?

நீதிபதி ராபர்ட் ஸ்வீட் 2003 ஜனவரியில் மனுவைத் தள்ளுபடி செய்தார். அளவுக்கு மீறித் தின்றால் கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், தெரிந்தே தின்றவர் கடையைக் குறை சொல்ல முடியாது என்றார். பத்திரிகைகள் இந்தப் பாதியைத்தான் பெரிதாகப் போட்டன.

அதே தீர்ப்பில் இன்னொரு பாதியும் உண்டு. தின்பவருக்கு ஆபத்து தெரியாமல் இருந்தால் மட்டுமே சட்டம் உள்ளே வர முடியும் என்று ஓர் அளவுகோலை வைத்துவிட்டு, அந்தக் கடையில் விற்கும் பொரித்த கோழித் துண்டுகளான சிக்கன் மெக்நகெட்ஸை எடுத்துக்காட்டாகப் பிடித்தார். கோழி என்று பெயர் இருப்பதால் பர்கரைவிட நல்லது போலத் தோன்றும். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் பர்கரைப் போல இரு மடங்கு கொழுப்பு. வீட்டில் சமைக்கிறவர்கள் யாரும் சேர்க்காத பல பொருள்கள் அதில் இருக்கின்றன. நிறுவனத்தின் இணையதளத்தைத் தேடிப் பார்க்காத ஒரு சாதாரண மனிதருக்கு இது தெரிந்திருக்குமா என்று கேட்டார்.

எனக்கு இந்த விவாதம் முழுவதுமே அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. தெரிந்து தின்றால் பொறுப்பு தின்றவருடையது. சரி. அந்தத் தெரிவது எப்படி நடக்கிறது, யார் தெரியவைக்க வேண்டும்?

வழக்கு அத்தோடு முடிந்ததா?

இல்லை. திருத்திய மனுவையும் நீதிபதி 2003 செப்டம்பரில் தள்ளினார். 2005 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பகுதியை உயிர்ப்பித்தது. இந்தப் பெண்கள் வேறென்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு ஓடியாடினார்கள், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் சாட்சி விசாரணையில் வர வேண்டியவை, மனுவிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது என்றது. 2010-ல், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து வழக்காட அனுமதி மறுக்கப்பட்டது. ஒவ்வொருவர் உடம்பும் வாழ்க்கையும் வேறு வேறு என்பதுதான் காரணம். 2011-ல் வழக்கு முடிந்தது. இழப்பீடாக ஒரு டாலர்கூட எந்தத் தீர்ப்பும் விதிக்கவில்லை.

இதற்கு நடுவே நிறுவனங்களுக்குக் கவசம் போடும் வேலையும் நடந்தது. சாப்பிட்டுப் பருமனானேன் என்று உணவு நிறுவனங்கள்மீது வழக்கே போடக் கூடாது என்ற மசோதாவை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2004 மார்ச்சில் 276-க்கு 139 என்று நிறைவேற்றியது. மக்கள் அதை "சீஸ்பர்கர் மசோதா" என்றார்கள். மேலவையான செனட்டில் அது நிறைவேறவில்லை. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே மாதிரிச் சட்டத்தைத் தனித்தனியே போட்டுக்கொண்டன.

பர்கரும் ஃப்ரைஸும் உடம்புக்கு நல்லதல்ல என்று யாருக்குத்தான் தெரியாது?

பொதுவாகத் தெரியும். குறிப்பாகத் தெரியாது. இதற்கு நம்மவர்கள் சம்பந்தப்பட்ட கதை ஒன்று இருக்கிறது.

மெக்டொனால்ட்ஸ் முன்பெல்லாம் மாட்டுக் கொழுப்பில் உருளைக்கிழங்கைப் பொரித்தது. 1990-ல், இனிமேல் முழுக்க முழுக்கத் தாவர எண்ணெய்தான் என்று அறிவித்தது. அமெரிக்காவில் குடியேறிய சைவக் குடும்பங்கள், மாட்டிறைச்சியைத் தொடாத இந்துக் குடும்பங்கள் அதை நம்பின. வெளியே போனால் பிள்ளைகளுக்கு வாங்கித் தர அந்த ஊரில் வேறு என்ன இருந்தது? ஃப்ரைஸ் ஒன்றுதான் பத்திரம் என்று நினைத்தார்கள். பத்து வருடம் கழித்து, உறைய வைப்பதற்கு முன் நடக்கும் முதல் பொரிப்பில் மணத்துக்காக மாட்டிறைச்சிச் சாறு சேர்க்கப்படுகிறது என்று தெரிய வந்தது. பொருள் பட்டியலில் "இயற்கை மணமூட்டி" என்று மட்டும் இருந்தது. 2001-ல் சியாட்டிலில் இந்திய வம்சாவளி வழக்கறிஞர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2002-ல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இந்து, சைவ உணவு அமைப்புகள் உள்படப் பலவற்றுக்கு ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. (இந்தியக் கடைகளில் விற்கும் ஃப்ரைஸில் அது சேர்க்கப்படவில்லை என்று நிறுவனம் அப்போது சொன்னது.)

அந்தக் குடும்பங்கள் கவனமில்லாதவர்களா? தட்டில் என்ன விழுகிறது என்பதில் அவர்களைவிடக் கவனமானவர்கள் யார்? விசாரித்து, யோசித்து, நம்பித் தேர்ந்தெடுத்தார்கள். அப்படிப்பட்டவர்களே பத்து வருடம் தெரியாமல் தின்றார்கள் என்றால், "தெரிந்துதானே தின்கிறாய்" என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யாரும் கையைக் கட்டி வாயில் ஊட்டவில்லையே?

ஊட்டவில்லை. ஆனால் எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு உள்ளே போகும் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

டேவிட் வாலர்ஸ்டீன் என்று ஒருவர். சிகாகோவில் சினிமா கொட்டகைகளை நடத்தியவர். பாப்கார்ன் விற்பனையைக் கூட்ட என்னென்னவோ செய்தும் ஜனங்கள் இரண்டாவது பொட்டலம் வாங்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. இன்னொன்று வாங்கினால் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம். நாம் பந்தியில் இன்னொரு வடை கேட்கக் கூசுகிறோமே, அதே கூச்சம்தான். அவர் ஒரே பொட்டலத்தைப் பெரிதாக்கினார். விற்பனை ஏறியது, கூடவே கோலாவும் ஏறியது. பிற்பாடு அவர் மெக்டொனால்ட்ஸின் இயக்குநர் குழுவுக்கு வந்தார். பெரிய பொட்டலம் போடலாம் என்றபோது முதலாளி ரே கிராக், வேண்டுமென்றால் இரண்டு வாங்கிக்கொள்ளட்டுமே என்றாராம். கடைசியில் வாலர்ஸ்டீன் சொன்னதுதான் நடந்தது.

1950-களில் அந்தக் கடையில் கிடைத்த ஃப்ரைஸ் பொட்டலம் சுமார் 70 கிராம், 200 கலோரி. "சூப்பர் சைஸ்" வந்தபிறகு சுமார் 200 கிராம், 610 கலோரி. கூட வந்த கோலா 42 அவுன்ஸ், அதாவது ஒன்றேகால் லிட்டர். கிழங்கும் சர்க்கரைத் தண்ணீரும் கடைக்கு மலிவு. கொஞ்சம் காசைக் கூட்டி நிறையக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு லாபம் போலத் தெரியும், விற்கிறவருக்கு நிஜமாகவே லாபம். 2004-ல் நிறுவனம் சூப்பர் சைஸைக் கைவிடுவதாக அறிவித்தது.

போன டிசம்பரில் அக்கா மகனோடு ஒரு மாலுக்குப் போயிருந்தேன். (கடையின் பெயர் வேண்டாம்.) கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். நான் ஒரு பர்கரும் ஃப்ரைஸும் சொன்னேன். "காம்போவா பண்ணிடலாமா சார்?" கோலா வந்து சேர்ந்தது. "இன்னும் நாப்பது ரூபா போட்டா ரெண்டுமே லார்ஜ் ஆயிடும் சார், போட்டுடவா?" பின்னால் ஆறேழு பேர் நிற்கிறார்கள். சரி என்றேன். அந்தப் பெண்ணின் பார்வை என்மேல் இல்லை, அவள் முன்னால் இருந்த திரையில் இருந்தது. திரை கேட்கச் சொல்கிறது, அவள் கேட்கிறாள். நான் முதலில் கேட்டதைவிட இரண்டு மடங்கோடு மேசைக்கு வந்தோம். பையன் வாயே திறக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. ஆனால் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். சோற்றை வீணாக்கக் கூடாது என்று அவனை வளர்த்ததே நாங்கள்தானே.

எல்லாம் சரி, மன உறுதி இல்லாததுதானே அடிப்படைக் காரணம்?

1970-களின் கடைசியில் அமெரிக்கப் பெரியவர்களில் சுமார் 15% பேருக்கு உடல் பருமன் இருந்தது. 2017-18-ல் 42%. நாற்பது வருஷத்துக்குள் ஒரு நாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரேயடியாக நாக்கு நீண்டுவிட்டதா? மனிதர்கள் அதே மனிதர்கள்தான். அவர்களைச் சுற்றியிருந்த சாப்பாடும், விலையும், அளவும், வேலையும் மாறின. இதில் பாஸ்ட் ஃபுட் ஒரு பங்குதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். கார், டிவி, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, குளிர்பானம், தூக்கக் குறைவு எல்லாமே பங்காளிகள்.

மன உறுதி பற்றி ஒரு நல்ல பரிசோதனை உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-ல் வெளியிட்டது. இருபது பேரை ஆய்வகத்திலேயே நான்கு வாரம் தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் தொழிற்சாலையில் பெருமளவு பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. மேசையில் வைத்த இரண்டு சாப்பாட்டிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஏறக்குறையச் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம். பதப்படுத்திய உணவு வந்த வாரங்களில் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. சாதாரண உணவுக்கு மாறியதும் அதே அளவு இறங்கியது. ஆள் மாறவில்லை, அவருடைய மன உறுதியும் மாறவில்லை. தட்டில் வந்தது மட்டும்தான் மாறியது.

சிகரெட் கம்பெனியும் பர்கர் கம்பெனியும் ஒன்றா?

ஒன்றல்ல. சிகரெட் இல்லாமல் வாழலாம், சாப்பாடு இல்லாமல் முடியாது. மாதம் ஒருமுறை தின்கிற பர்கரால் யாருக்கும் நோய் வராது. 1998-ல் அமெரிக்காவின் 46 மாநிலங்களுக்குப் புகையிலை நிறுவனங்கள் பெருந்தொகை தர ஒப்புக்கொண்டதைப் பார்த்துத்தான் சில வக்கீல்கள் அதே பாதையில் பர்கர் கடைகளையும் கொண்டுவரலாம் என்று நினைத்தார்கள். எந்த உணவு, எந்தக் கடை, எந்த வருடம் என்று நிரூபிக்க முடியாமல் அது நின்றுபோனது. அந்த விஷயத்தில் நீதிமன்றங்கள் சொன்னது நியாயம் என்றே நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு வாங்கித் தருவது பெற்றோர்தானே?

ஆமாம், பணம் கொடுப்பது பெற்றோர்தான். ஆனால் விளம்பரம் பெற்றோரைப் பார்த்துப் பேசுவதில்லை. 1979-ல் ஹேப்பி மீல் வந்தது முதல் பொம்மை ஒரு பெரிய தூண்டில். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2010-ல் ஒரு விதி கொண்டுவந்தது: 600 கலோரிக்கு மேல் போகும் குழந்தைச் சாப்பாட்டோடு பொம்மையை இலவசமாகத் தரக் கூடாது. 2011 டிசம்பரில் விதி அமலுக்கு வந்த அன்று, மெக்டொனால்ட்ஸ் பொம்மைக்குப் பத்து சென்ட் வாங்க ஆரம்பித்தது. பத்து சென்ட் தருமத்துக்குப் போகும் என்றது. விதி அப்படியே இருந்தது, பொம்மையும் அப்படியே இருந்தது. ஒரு தாய் "வேண்டாம்" என்று சொல்ல எடுத்துக்கொள்ளும் சிரமத்தையும், ஒரு நிறுவனம் அந்த "வேண்டாம்"மைச் சுற்றிக்கொண்டு போக எடுத்துக்கொள்ளும் சிரமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொறுப்பை முழுக்கத் தாயின் தலையில் கட்டுவது அநியாயம் என்று எனக்குப் படுகிறது.

கலோரியை எழுதி வைத்தால் போதாதா?

எழுதித்தான் ஆக வேண்டும், அது முதல் படி. நியூயார்க் நகரம் 2008-ல் சங்கிலிக் கடைகளின் பலகையில் கலோரியைப் போட வைத்தது. 2018 மே முதல் இருபதோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள கடைகளுக்கு அமெரிக்கா முழுவதும் கட்டாயம். இந்தியாவிலும் பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியைக் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. மாலில் நானும் தேடிப் பார்த்தேன். இருந்தது. விலை எழுதிய எழுத்தில் கால்வாசி உயரம், சாம்பல் நிறம்.

எண்ணைப் பார்த்துச் சாப்பாட்டை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஆய்வுகளில் தெரிந்த மாற்றம் சிறியதுதான். பசியோடு வரிசையில் நிற்கிறவருக்கு 740 என்ற எண் ஒன்றும் சொல்வதில்லை. சிலி நாடு 2016-ல் வேறு வழியில் போனது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் எண்கோண வடிவில் கறுப்பு முத்திரை, உள்ளே "சர்க்கரை அதிகம்" என்பதுபோல ஒரு சில சொற்கள். படிக்கத் தெரியாத குழந்தைக்கும் கறுப்பு தெரியும்.

வரி போட்டால் ஏழைதானே கஷ்டப்படுவான்?

வரியை எப்படிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. பிரிட்டன் செய்தது எனக்குப் பிடித்த உதாரணம். குளிர்பானத்தில் 100 மில்லிக்கு 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் 24 பென்ஸ் என்று அந்த வரி தொடங்கியது. 2016-ல் அறிவித்து, 2018 ஏப்ரலில்தான் அமலாக்கினார்கள். இரண்டு வருட அவகாசத்தில் பல நிறுவனங்கள் வரியைத் தவிர்க்கத் தாங்களே சர்க்கரையைக் குறைத்தன. ஸ்காட்லாந்துக்காரர்கள் உயிரை விடும் அயர்ன் ப்ரூ என்ற பானத்தில் 10 கிராமுக்கு மேல் இருந்தது 5-க்குக் கீழே வந்தது. சிலர் பழைய பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள் என்பதும் நடந்தது. ஆனால் வழக்கம்போல வாங்கிக் குடித்தவர்கள், தாங்கள் ஒன்றுமே செய்யாமல், பாதிச் சர்க்கரையைக் குடித்தார்கள்.

கேரளம் 2016-ல் பிராண்டு கடைகளின் பர்கர், பீட்சாவுக்கு 14.5% வரி போட்டது. அங்கே வரி சாப்பிடுகிறவரின் பில்லில் ஏறியது, பண்டத்தை மாற்றும் தூண்டுதல் நிறுவனத்துக்கு இல்லை. அடுத்த வருடம் ஜிஎஸ்டி வந்ததும் அது போய்விட்டது.

நம் ஊரில் பாஸ்ட் ஃபுட் என்றால் தள்ளுவண்டி ஃப்ரைடு ரைஸ்தானே? அந்த அண்ணனையும் குற்றம் சொல்வீர்களா?

கலோரிப் பலகை வைக்கச் சொல்லி அவரைக் கேட்க மாட்டேன். அவருக்கு விளம்பரப் படம் இல்லை, பொம்மை இல்லை, "லார்ஜ் ஆக்கட்டுமா" என்று கேட்கச் சொல்லும் திரை இல்லை. அவர் போடும் முட்டையும் எண்ணெயும் நம் கண்முன்னால்தான் விழுகின்றன. ஒன்று கேட்கலாம்: எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. பெரிய கடைக்கும் வண்டிக்கும் அது ஒன்றுதான்.

இது அமெரிக்கப் பிரச்சினை. நமக்கு ஏன்?

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4% பேர் அதிக எடை அல்லது பருமன். முந்தைய ஆய்வில் அது 30.9%. ஆண்கள் 28.2-இலிருந்து 37 சதவீதத்துக்கு வந்திருக்கிறார்கள். அதுவும் உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ எண்ணில், உலகத்துக்குப் பொதுவான அளவுகோலான 25-ஐ வைத்து. நம் உடம்பில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்வதால் சர்க்கரை நோய் குறைந்த எடையிலேயே வருகிறது. அதனால் இந்திய மருத்துவர்கள் 23-லேயே அதிக எடை என்கிறார்கள். இந்த எண்களுக்கு பர்கர் கடை மட்டும் காரணமில்லை. மூன்று வேளையும் தட்டை நிறைக்கும் வெள்ளைச் சோறு, டீயோடு சேரும் சர்க்கரையும் உண்டு.

அப்படியானால் தனி மனிதருக்குப் பொறுப்பே இல்லையா?

நிச்சயமாக உண்டு. உடம்பு அவருடையது, வலியும் அவருடையது. மாலில் நடந்ததற்கு அடுத்த வாரம் நானும் அக்கா மகனும் பேசினோம். கோலாவை விடலாமா என்று நான் கேட்கவில்லை, அவனே சொன்னான். ஒரு லிட்டர் கோலாவில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று அவனே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தான். 100 மில்லிக்குப் பத்துக் கிராமுக்கு மேல். ஒரு லிட்டர் என்றால் இருபது ஸ்பூனைத் தாண்டும். சர்க்கரை டப்பாவை எடுத்து, ஒரு டம்ளரில் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டு என்னிடம் காட்டினான். டம்ளரில் பாதியைத் தொட்டது. "இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே மாமா" என்றான்.

நாங்கள் அவனிடம் சொன்னதெல்லாம் வாயைக் கட்டு என்பதுதான்.

பள்ளிக்கூட வாசலிலேயே விற்கிறார்களே, யாரிடம் சொல்வது?

கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்பது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020-ல் கொண்டுவந்த விதி. விளம்பரத்துக்கும் பொருந்தும். முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்; கேன்டீன் ஒப்பந்தம் பள்ளியின் கையில்தான் இருக்கும். அசையவில்லை என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்கு மனு. கடை இருக்கும் இடம், வாசலிலிருந்து தூரம், விற்கும் பண்டங்களின் பெயர், எடுத்த தேதியோடு ஒரு போட்டோ, இவ்வளவு போதும். வாசலில் கூடையோடு உட்கார்ந்து கொய்யாவும் மாங்காயும் விற்கும் பாட்டியைப் பற்றிப் புகார் எழுதிவிடாதீர்கள். அவருக்கு இந்த விதி பொருந்தாது.